பைபாஸுக்குப் போகுமுன் பழக வேண்டிய மூச்சும் இருமலும்

இதயத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சைக்கோ வால்வ் மாற்றவோ திகதி கிடைத்ததும் வீடே ஓடத் தொடங்கிவிடும். லீவு, காசு, கொழும்பு வெள்ளவத்தையில் யார் வீட்டில் தங்குவது, வார்ட்டுக்கு யார் சாப்பாடு கொண்டுபோவது என்று ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். நோயாளியை மட்டும் ஒரு கதிரையில் இருத்திவிட்டு, "ஒண்டும் செய்யாதேங்கோ, பேசாமல் இருங்கோ" என்று காவல் காப்பார்கள். பெரியம்மாவை நாங்கள் அப்படித்தான் இருத்தி வைத்தோம்.

அவருடைய வால்வ் சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. அதற்குப் பிறகுதான் கஷ்டம். இருமப் பயம், ஆழமாக மூச்செடுக்கப் பயம். நாலாம் நாள் காய்ச்சல், நெஞ்சு முழுக்கச் சளி, பிறகு நிமோனியா. ஒரு வாரத்தில் வீடு வருவார் என்று நினைத்தவர் மூன்று வாரம் படுத்திருந்தார். முன்கூட்டி எங்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது. இரண்டு வருடம் கழித்து அப்பாவுக்கு பைபாஸ் என்றானபோது கேட்டோம். அப்போது கற்றதையும், அதன் பிறகு ஊரிலிருந்து கொழும்புக்கு வந்த சொந்தக்காரர் பலருக்குச் சொல்லிக் கொடுத்ததையும் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. உங்கள் வைத்தியரும் இயன்மருத்துவரும் (பிசியோதெரபிஸ்ட்) வேறு விதமாகச் சொன்னால் அவர்கள் சொல்வதையே செய்யுங்கள்.

இதயத்தில் சத்திரசிகிச்சை, நுரையீரலுக்கு ஏன் பயிற்சி?

பெரும்பாலும் மார்பெலும்பை நடுவால் பிளந்துதான் இதயத்துக்குப் போகிறார்கள். வேலை முடிந்ததும் உலோகக் கம்பியால் கட்டி மூடுவார்கள். இதயத்தினதும் நுரையீரலினதும் வேலையைத் தற்காலிகமாகச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரம் ஓடுகிற நேரத்தில் நுரையீரல்கள் பெரும்பாலும் காற்று இறங்கிச் சும்மா கிடக்கும். பைபாஸ் என்றால் மார்பின் உட்சுவரிலிருந்து ஓர் இரத்தக் குழாயையும் எடுப்பார்கள், அது பெரும்பாலும் இடது பக்கம். கண் விழிக்கும்போது நெஞ்சில் வலி, விலாவுக்குக் கீழே குழாய்கள், உடம்பில் மயக்க மருந்தின் மிச்சம். அந்த நிலையில் எவரும் மேலோட்டமாகத்தான் மூச்சு விடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள சின்னக் காற்றுப் பைகள் காற்றில்லாமல் ஒட்டிக்கொள்ளும். அங்கே சளி தேங்கும், தேங்கிய சளியில் கிருமி வளரும். பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான்.

இதைத் தடுக்க ஆழமான மூச்சும், வலிக்காமல் இருமும் முறையும், சீக்கிரம் எழுந்து நடப்பதும் வேண்டும். வலியோடும் அரை மயக்கத்தோடும் இருக்கும் ஒருவருக்கு இவற்றை அன்றுதான் முதன்முறையாகச் சொல்லிக் கொடுத்தால் மண்டையில் ஏறாது. முன்பே பழகியிருந்தால் உடம்பே செய்துவிடும்.

2006 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முடிவைச் சொல்கிறேன். பைபாஸுக்குக் காத்திருந்தவர்களில், பிறகு நுரையீரல் சிக்கல் வரும் வாய்ப்புக் கூடிய 279 பேரை எடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் குறைந்தது இரண்டு வாரம், நாளுக்கு 20 நிமிடம், மூச்சை உள்ளே இழுக்கும் தசைகளுக்கு ஒரு சின்னக் கருவியால் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் நுரையீரல் சிக்கல் வந்தவர்கள் 18 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற மற்றப் பக்கத்தில் 35 சதவீதம். நிமோனியா ஒரு பக்கம் 6.5 சதவீதம், மறுபக்கம் 16.1. இரண்டே வாரத்தில் இவ்வளவு வித்தியாசம் என்றால், திகதிக்காகக் காத்திருக்கும் நாட்களை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அனுமதி

எல்லோருக்கும் எல்லாப் பயிற்சியும் பொருந்தாது. சும்மா இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர்கள், இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் இடது பிரதான நாடியில் அடைப்பு உள்ளவர்கள், பெருநாடி வால்வ் கடுமையாகச் சுருங்கியவர்கள், அவசரமாக வார்ட்டில் வைத்திருக்கப்படுபவர்கள் நடைப்பயிற்சியையோ மூச்சுக் கருவியையோ தாங்களாகத் தொடங்கவே கூடாது. அடுத்த கிளினிக்கில் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி செய்யலாமா, எவ்வளவு நடக்கலாம், இயன்மருத்துவரிடம் அனுப்புவீர்களா. பதிலைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வைத்தியர் அவசரத்தில் இருந்தால் தாதி மிஸ்ஸிடம் கேட்கலாம், அவர்கள்தான் பிசியோதெரபி பிரிவுக்கு வழி காட்டுவார்கள். தேசிய வைத்தியசாலை போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்தச் சேவைக்குக் காசு இல்லை. தனியாரில் சத்திரசிகிச்சை என்றால், பொதியில் முன்கூட்டிய பிசியோதெரபி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஒருவரைச் சனல் பண்ணி ஒரே ஒரு தடவையாவது காட்டுங்கள். வீடியோ பார்த்துப் பழகுவதைவிட, ஒருவர் விலாவில் கை வைத்துக் காட்டித் தருவது பத்து மடங்கு மேல்.

பயிற்சியின்போது நெஞ்சுவலி, தாடைக்கோ கைக்கோ பரவும் இறுக்கம், தலைச்சுற்று, வழமைக்கு மாறான படபடப்பு, இதில் எது வந்தாலும் உடனே நிறுத்தி இருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் குளிசை தந்திருந்தால் சொன்னபடி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மூச்சு

முதுகுக்குத் தலையணை கொடுத்துக் கதிரையிலோ கட்டிலிலோ நிமிர்ந்து இருங்கள். சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது ஆகியிருக்க வேண்டும். ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேலே. தோள்கள் தளர்ந்து கீழே இருக்கட்டும். மூக்கால் மெதுவாக இழுங்கள். முதலில் வயிற்றில் உள்ள கை எழும்ப வேண்டும், நெஞ்சில் உள்ள கை கொஞ்சமாகத்தான் அசைய வேண்டும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையைப் பள்ளிக்கூடத்தில் பிரிமென்றகடு என்று படித்தோமே, அது கீழே இறங்குவதால்தான் வயிறு எழும்புகிறது. நிறைய இழுத்தபின் மூன்று எண்ணும் வரை வைத்திருங்கள். பிறகு சூடான பிளேன்டியை ஆற்ற ஊதுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள்.

நாலைந்து மூச்சு இப்படி. அப்புறம் அரை நிமிடம் வழமையான மூச்சு. இதை மூன்று சுற்று. நாளுக்கு நாலு தடவை. இடையில் ஓய்வெடுக்காமல் அடுக்கடுக்காக ஆழ்மூச்செடுத்தால் தலை கிறுகிறுக்கும், விரல் நுனி விறைக்கும். கூட்டிச் செய்தால் கூடப் பலன் என்று நினைக்க வேண்டாம்.

முதல் இரண்டு நாளும் கூட இருக்கும் ஒருவர் உதவினால் நல்லது. நோயாளியின் பின்னால் நின்று, இரண்டு உள்ளங்கையையும் கடைசி விலாக்களின் மேல் பக்கவாட்டில் வையுங்கள், பெருவிரல்கள் முதுகுத்தண்டை நோக்கி இருக்கட்டும். அவர் மூச்சை இழுக்கும்போது உங்கள் இரண்டு பெருவிரல்களும் ஒன்றையொன்று விட்டு விலக வேண்டும். அப்பாவுக்கு முதல் நாள் விலகவே இல்லை. நாற்பது வருடம் கடையில் குனிந்து கணக்கெழுதிய உடம்பு, தோள்தான் காதுவரை போனது. "என்ர கையைத் தள்ளுங்கோ அப்பா" என்று சொன்னபிறகுதான் பிடிபட்டது. நாலாம் நாள் ஒரு விரலிடை அளவு விலகியது. அன்று இருவருக்கும் பெரிய சந்தோஷம்.

நன்றாகப் பழகியபின் ஒன்றைச் சேர்க்கலாம். மூச்சு நிறைந்து நின்ற இடத்தில், பூவை மணப்பது போல மூக்கால் இன்னொரு சின்ன இழுப்பு. இறுதியில் திறக்காமல் கிடக்கும் பைகளுக்கும் காற்றுப் போக அது உதவும்.

யோகா பழகியவர்களுக்கு ஒரு சொல். கபாலபாதி போல வேகமாக வயிற்றை உதைக்கும் மூச்சும், நீண்ட நேரம் மூச்சை அடக்கும் கும்பகமும் இந்த நேரத்தில் வேண்டாம். அடக்கி முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும், நோயுள்ள இதயத்துக்கு அது ஆகாது. பலூன் ஊதச் சொல்லும் உறவினர்களையும் அன்பாகத் தவிர்த்துவிடுங்கள். ஒட்டிக்கொண்ட நுரையீரலைத் திறப்பது உள்ளே இழுக்கும் மூச்சுத்தான்.

மூன்று பந்துக் கருவி

ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள பார்மசிகளில் ஒரு பிளாஸ்டிக் கருவி கிடைக்கும். மூன்று குழாய்க்குள் மூன்று பந்து, ஒரு வளையும் குழாய், வாயில் வைக்க ஒரு முனை. குழாய்களில் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். ஒரு செக்கனில் எத்தனை மில்லிலீற்றர் காற்றை இழுக்கிறீர்கள் என்பதன் கணக்கு அது.

அப்பா அதை வாங்கி வந்த அன்றே ஊதத் தொடங்கினார். பந்து அசையவில்லை. கருவி பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனார். பிறகு இழுப்பதுதான் என்று தெரிந்ததும் ஒரே இழுப்பில் மூன்று பந்தையும் மேலே அடித்து, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். பிசியோதெரபி மிஸ் சிங்களப் பிள்ளை, கொஞ்சம் கொஞ்சம் தமிழ் கதைப்பார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, மூணு வேணாம். ரெண்டு போதும். மெதுவா தூக்கி, அப்படியே வச்சிருங்க." வெடுக்கென்று இழுத்தால் பந்து துள்ளும், ஆனால் காற்று மேல்பகுதியோடு நின்றுவிடும். மெதுவாக, நீளமாக இழுத்து, பந்தை இரண்டு மூன்று செக்கன் மேலே வைத்திருப்பதே பயிற்சி. முனையை உதட்டால் இறுக மூடி, கருவியை நிமிர்த்திப் பிடித்து, பத்துத் தடவை, இடையில் ஓய்வு.

இந்தக் கருவி வாங்க வசதியில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். பைபாஸுக்குப் பிறகு இது வெறும் ஆழ்மூச்சைவிட மேலானது என்று ஆய்வுகள் காட்டவில்லை. கண்ணுக்கு ஓர் இலக்கு இருந்தால் சிலர் உற்சாகமாகச் செய்வார்கள், அவ்வளவுதான். இருந்தால், சத்திரசிகிச்சைக்கு முன் உங்களால் முடிந்த அளவைக் குறித்து வையுங்கள். பிறகு அது பாதிக்குக் கீழேகூட இறங்கும். திரும்ப எங்கே ஏற வேண்டும் என்று தெரிய அந்தக் குறிப்பு உதவும்.

நெதர்லாந்து ஆய்வில் பயன்பட்டது வேறு வகை. அதில் ஒரு சுருள்வில் மூச்சிழுப்பை எதிர்க்கும், பாரம் தூக்குவது போல மூச்சுத் தசை பலப்படும். உங்கள் இழுவிசையை அளந்து, அதில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். ஆகவே இயன்மருத்துவர் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

இருமல்

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். இருமினால் தையல் விட்டுவிடும், எலும்பு பிளந்துவிடும் என்ற பயம். எலும்பைக் கம்பி பிடித்திருக்கிறது. நெஞ்சை முறையாகத் தாங்கிக்கொண்டு இருமினால் அது தாங்கும்.

ஒரு நடுத்தரத் துவாயை இறுகச் சுருட்டி இரண்டு இடத்தில் கட்டுங்கள், அல்லது சின்னத் தலையணை ஒன்று எடுங்கள். கொஞ்சம் முன்னால் சாய்ந்து இருந்து, துவாயை மார்பெலும்பின் மேல் நேராக வைத்து, இரண்டு கையாலும் குழந்தையை அணைப்பது போல அணையுங்கள். இரண்டு மூன்று ஆழ்மூச்சு. பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆவி ஊதுவோமே, அதே போல வாயைத் திறந்து, வயிற்றிலிருந்து "ஹா". இதை இரண்டு தடவை செய்தால் அடியில் உள்ள சளி மேலே வரும். வந்தபின் துவாயை இறுக்கி ஒரே ஒரு உறுதியான இருமல், அது போதும். தொண்டையால் தொடர்ந்து கொக்குக் கொக்கென்று இருமினால் வலி மட்டும்தான் மிச்சம்.

சத்திரசிகிச்சைக்கு முன் இதைப் பலமாகச் செய்யத் தேவையில்லை. நாளுக்கு இரண்டு தடவை "ஹா", ஒரு மென்மையான இருமல். துவாய் எங்கே இருக்க வேண்டும் என்று கைக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வலி மருந்தைக் கேட்டு வாங்குவதும் இதில் சேர்ந்தது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தால் மூச்சு ஆழமாகாது. மருந்து வேலை செய்யத் தொடங்கிய நேரத்தில் பயிற்சி செய்யுங்கள்.

எழும்புவது, நடப்பது

சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களுக்குக் கையை ஊன்றி உடம்பைத் தூக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. எலும்பு பொருந்த ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். ஆகவே கையில்லாமல் எழும்பப் பழகுங்கள். கதிரையின் நுனிக்கு வந்து, பாதங்களைப் பின்னால் இழுத்து, கைகளை நெஞ்சில் கட்டி, மூக்கு முழங்காலுக்கு நேராக வரும்வரை சாய்ந்து, காலின் பலத்தால் எழும்புங்கள். நாளுக்கு ஐந்து, முடிந்தால் பத்து. கட்டிலிலிருந்து என்றால் முழங்காலை மடித்து, துவாயை அணைத்தபடி மரக்குற்றி உருள்வது போல ஒரே துண்டாகப் பக்கம் திரும்பி, கால்களைக் கீழே விட்டு, அந்தப் பாரத்தோடு எழும்பி இருங்கள். ஒருவர் முதுகில் கை கொடுக்கலாம், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழுமாக அசைப்பதும் பழகவேண்டியதே. காலில் இரத்தம் உறையாமல் இருக்க அது உதவும்.

வைத்தியர் சம்மதித்தால் நடக்கலாம். கொழும்பு வெயிலும் புழுக்கமும் இதய நோயாளிக்கு ஆகாது, காலை ஏழு மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் இருப்பவர்களுக்கு மரைன் டிரைவ் மேடுபள்ளமில்லாத நல்ல இடம், களைத்தால் இருக்கலாம். கொட்டாஞ்சேனைப் பக்கத்து நெருக்கமான தெருக்களைவிட வீட்டு விறாந்தையே மேல். ஐந்து நிமிடத்தில் தொடங்கி ஒவ்வொரு நிமிடமாகக் கூட்டுங்கள். நடந்துகொண்டே கதைக்க முடிய வேண்டும், அதுதான் அளவு. சாப்பிட்ட உடனே வேண்டாம்.

வீட்டுக்குள் புகை

சிகரெட், பீடி, சுருட்டு எல்லாவற்றையும் திகதி தெரிந்த அன்றே விட வேண்டும். நாலு வாரமோ அதற்கு மேலோ கிடைத்தால் நுரையீரல் நன்றாகவே தேறும். ஒரு வாரம்தான் மிச்சம் என்றாலும் விடுங்கள், இரத்தத்தில் உள்ள காபனோரொட்சைட்டு ஓரிரு நாளிலேயே இறங்கிவிடும். இன்னொன்று நாங்கள் யோசிக்காதது: நுளம்புத்திரியும் சாம்பிராணியும். சின்ன அனெக்ஸ் அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு இரவு முழுக்கத் திரி கொளுத்தினால் காலையில் அந்த நெஞ்சு இருமத்தான் செய்யும். நுளம்பு வலை கட்டுங்கள். தடிமன், காய்ச்சல், மஞ்சள் சளி வந்தால் மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். திகதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

வார்ட்டுக்குப் போகும் பை

சுருட்டிய துவாய், பந்துக் கருவி, வழுக்காத செருப்பு, மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி. கண் விழித்ததும் சொல்வது கேட்கவும் பார்க்கவும் வேண்டும், ஆகவே கடைசி இரண்டையும் யாராவது பொறுப்பாக வைத்திருங்கள். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள்.

சிங்களம் தெரியாதவர்கள் ஐந்தாறு சொல்லைப் பழகிக்கொண்டு போங்கள். "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்செடுங்கள். "ஹெமின்" என்றால் மெதுவாக. "கஹின்ன" என்றால் இருமுங்கள். "ரிதெனவாத?" என்றால் வலிக்கிறதா. "ரிதெனவா" என்றால் வலிக்கிறது. "ஹுஸ்ம கன்ன அமாருய்" என்றால் மூச்செடுக்கக் கஷ்டமாக இருக்கிறது, இந்தக் கடைசியைக் கட்டாயம் பாடமாக்குங்கள். வவுனியாவிலிருந்து வந்த எங்கள் மாமா இவற்றைக் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் தமிழில் எழுதி வைத்திருந்தார்.

சத்திரசிகிச்சை முடிந்து சுவாசக் குழாயை எடுத்தபின், விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பத்து ஆழ்மூச்சு, பிறகு "ஹா", தேவைப்பட்டால் இருமல். அடுத்த நாளே கதிரையில் இருத்தப் பார்ப்பார்கள், ஓரிரு நாளில் நடக்கவும் வைப்பார்கள். "பாவம், படுக்க விடுங்கோ" என்று தடுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்தபின்னும் சில வாரம் இந்தப் பயிற்சி தொடர வேண்டும்.

எங்களை ஐசியூவில் ஐந்து நிமிடம் விட்டார்கள். அப்பா என்னை அடையாளம் கண்டாலும் ஒன்றும் கதைக்கவில்லை. கையை நீட்டிக் கட்டில் ஓரத்தில் இருந்த துவாயைக் காட்டினார். கொடுத்தேன். அணைத்துக்கொண்டு கண்ணை மூடி மூன்று எண்ணினார், உதடு அசைவதைப் பார்த்தேன். பிறகு "ஹா" என்று ஒன்று, மெல்ல ஓர் இருமல். ஏழாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஓட்டோ குலுக்கும் என்று கார் பிடித்து, பின் இருக்கையில் இருத்தி, பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அதே துவாயை வைத்தோம். காலி வீதியில் கார் ஒவ்வொரு தடவை பிரேக் அடித்தபோதும் அவர் கை தானாக அதை இறுக்கிக்கொண்டது.